பங்கு வீடா, காரைக்குடியா, கோயம்புத்தூரா? ஓய்வுக்குப் பிறகு எங்கே இருப்பது

செட்டிநாட்டுக் குடும்பங்களில் அறுபதை நெருங்குகிறவர்கள் கூடினால் இப்போது இந்தப் பேச்சுதான். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை முடியப்போகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில். இனி எங்கே இருப்பது? சுற்றிச் சுற்றி மூன்று யோசனைகள் வருகின்றன: ஊரில் பங்காளிகளுக்குப் பொதுவாக உள்ள பூர்வீகப் பங்கு வீட்டுக்கே திரும்பிவிடுவது, காரைக்குடியில் சின்னதாக ஒரு வீடு வாடகைக்குப் பார்ப்பது, கோயம்புத்தூர்ப் பக்கம் மூத்தவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பில் சேர்வது. பணக் கணக்கை எல்லாரும் போட்டுவிடுகிறார்கள். காலை பத்து மணிக்கு என்ன செய்யப்போகிறோம், நம்மைத் தேடி யார் வருவார்கள் என்ற கணக்கைத்தான் விட்டுவிடுகிறார்கள். இந்த மூன்றையும் நான் அதை வைத்தே பார்க்கிறேன்.

பங்கு வீட்டின் மேல் உள்ள ஆசை எனக்குப் புரிகிறது. முகப்பு, முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள வளவு, அதன் பின்னால் இரண்டாம் கட்டு, பர்மா தேக்குத் தூண், நடக்க நடக்க மெருகேறும் ஆத்தங்குடிக் கல். நம் கல்யாணம் நடந்த இடம். ஆனால் அந்த வீடு பெரும்பாலும் ஒருவருடையது இல்லை. ஐந்தாறு பங்காளிகள் இருந்தால், ஒரு குளியலறை கட்டுவதற்கும் எல்லாரிடமும் கேட்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்றியாக வேண்டும். வேலை தெரிந்த ஆள் கிடைப்பது வருடத்துக்கு வருடம் சிரமமாகிறது. ஒரு ஓடு விலகினாலும் தண்ணீர் உத்திரத்தில் இறங்கிவிடும்.

பள்ளத்தூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி அப்படித்தான் திரும்பிப் போனார்கள். கணவரை நான் அண்ணன் என்பேன், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். முகப்பையும் வளவில் ஒரு பக்கத்தையும் புழங்குகிறார்கள், மற்றதெல்லாம் பூட்டு. அடுப்படியோ பின்னால் கடைசிக் கட்டுக்குள். வாசலில் யாராவது கூப்பிட்டால் அங்கே கேட்காது. கேட்டாலும் இரண்டு முற்றம் தாண்டி, நாலு இடத்தில் படி ஏறி இறங்கி வர வேண்டும். "உங்க அண்ணனுக்கு இது அரண்மனை தம்பி, எனக்கு நாள் முழுக்க நடை" என்றார் ஆச்சி, முழங்காலைத் தடவிக்கொண்டே. வீட்டுக்கார அம்மாவை எங்கள் பக்கம் ஆச்சி என்றுதான் சொல்வோம். இந்த முடிவை எடுக்கும்போது ஆச்சியை யாரும் கேட்கவில்லை. பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. அக்கம்பக்கத்து வீடுகளும் கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்றால்தான் திறக்கின்றன. நடுராத்திரியில் நெஞ்சு வலித்தால் முதலில் காரைக்குடி. பெரிய சிகிச்சை என்றால் மதுரையோ திருச்சியோ, இரண்டுமே ஏறத்தாழ 90 கிலோமீட்டர்.

ஆனாலும் வேலை என்று பார்த்தால் பங்கு வீட்டுக்கு ஈடு கிடையாது. பெட்டகங்களில் உள்ள சாமானுக்குப் பட்டியல் போடலாம். பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் நடத்திய காலத்துக் கணக்கு நோட்டுகளையும் கடிதங்களையும் படமெடுத்து வைக்கலாம். இதைச் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம்: கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த புத்தகங்கள்தான், அவர் மறைந்த பிறகு 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. கோயில் திருப்பணி, ஊருணி தூர்வாருவது, பங்காளி வழக்கைப் பேசி முடிப்பது என்று ஊரில் ஓய்ந்து உட்கார நேரமே இருக்காது. அங்கே நீங்கள் ஒரு புள்ளி, அதாவது ஊர்க் கோயில் கணக்கில் உள்ள ஒரு குடும்பம். யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லத் தேவையில்லை.

கோயம்புத்தூர்க் குடியிருப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சமைத்த சாப்பாடு, லிஃப்ட், கூப்பிட்டால் வரும் நர்ஸ். துணையை இழந்து தனியாக இருப்பவருக்கும், மறதி நோய் தொடங்கியவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் நான் இதைத்தான் சொல்வேன். சேருமுன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: மாதக் கட்டணம் எப்படி ஏறும், இருவரில் ஒருவர் போன பின் மற்றவருக்கு என்ன உரிமை, படுக்கையில் விழுந்தால் அங்கேயே வைத்துக்கொள்வார்களா. நடமாட்டத்தோடு இருக்கும் அறுபது வயதுக்காரருக்கு அங்கே பொழுது போகும். ஆனால் அவரை நம்பி ஒரு வேலையும் காத்திருக்காது, குழந்தைகள் சத்தமும் இருக்காது.

அப்புறம் காரைக்குடி. என் கட்சி இதுதான். தரைத்தளத்தில் இரண்டு அறை, படி இல்லாத வாசல், குளியலறையில் கைப்பிடி. டாக்டர் ஆட்டோ தூரத்தில். ரயில் இருக்கிறது. அழகப்பா பல்கலைக்கழகமும் பள்ளிகளும் இருப்பதால் இளம் பிள்ளைகள் நடமாடும் ஊர். கணக்கோ ஆங்கிலமோ சொல்லித்தர ஆள் தேடும் வீடுகள் உண்டு. 1939-ல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் இன்னும் பங்குனியில் விழா எடுக்கிறது. நிறைவு நாளுக்குக் கூட்டம் கம்பர் சமாதி உள்ள நாட்டரசன்கோட்டைக்குப் போகிறது. தமிழில் ஈடுபாடு உள்ளவருக்கு வருடம் முழுக்கப் படிக்க அது ஒன்றே போதும். வாரத்தில் இரண்டு நாள் காலை பஸ்ஸில் பள்ளத்தூருக்கோ கானாடுகாத்தானுக்கோ போய்ப் பங்கு வீட்டைத் திறந்து, வெளிச்சம் காட்டி, நாலு பேரைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். வீடும் பாழாகாது, ஆச்சிக்கும் அந்த நடை இல்லை.

வெயிலும் கடைத்தெரு நெரிசலும் இங்கேயும் உண்டு. அதைவிடப் பெரிய தொல்லை, "சொந்த வீடு இருக்கும்போது வாடகையா?" என்று உறவினர் கேட்பது. அந்தக் கேள்விக்கு அஞ்சியே பலர் கடைசிக் கட்டுக்குள் போய்ச் சிக்கிக்கொள்கிறார்கள் என்பது என் வருத்தம்.

பிள்ளைகளோடு போய் இருப்பதைச் சொல்லவில்லையே என்று கேட்கலாம். நம் வீடுகளில் கல்யாணமான மகனை அதே வீட்டில் வேறு வைப்பது வழக்கம்: தனி அடுப்பு, தனிக் கணக்கு, ஒரே வளவு. அதே ஏற்பாட்டை இப்போது பெற்றோருக்குச் செய்யலாம். மகள் இருக்கும் அடுக்ககத்திலேயே இன்னொரு சின்ன வீடு கிடைத்தால் அது நல்ல வழி.

பணத்தில் இரண்டே விஷயம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதமானது, அந்தக் கணக்குப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய். புதிதாகச் சேர்வோருக்கு வட்டி மாறலாம், ஆனால் சேர்ந்த நாளில் உள்ள வட்டிதான் ஐந்து வருடத்துக்கும். அடுத்தது, சொத்தைப் பிள்ளைகளுக்கு இப்போதே எழுதுவதாக இருந்தால், எங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ம் ஆண்டுச் சட்டத்தின் 23-வது பிரிவு அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்ய இடம் தருகிறது. தமிழ்நாட்டில் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

சென்னை வீட்டை உடனே விற்றுவிடாதீர்கள். சித்திரையில் காரைக்குடிக்கு வந்து ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். கத்திரி வெயிலும் ஐப்பசி மழையும் இரண்டுமே தெரிந்துவிடும். தை பிறந்ததும் முதலில் ஆச்சியிடம் கேளுங்கள், இருப்பதா, கிளம்புவதா என்று.