அருங்காட்சியகத் தளங்களோடு மூன்று வருடம்: ஆடை வரலாற்று ப்ராஜெக்ட் செய்த அனுபவம்

ஃபேஷன் டிசைன் படிப்பில் இரண்டாவது செமஸ்டரில் ஆடை வரலாறு ஒரு பாடம். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய உடை என்று தலைப்பு எடுத்து, இணையத்தில் கண்ணில் பட்ட நாற்பது படங்களை ஸ்லைடில் ஒட்டிக் கொண்டுபோனேன். மூன்றாவது ஸ்லைடிலேயே மேடம் நிறுத்தினார். "இந்த கவுன் இப்போ எங்கே இருக்கு?" எனக்குத் தெரியவில்லை. அது ஏதோ நாடகத்துக்காகச் சமீபத்தில் தைத்தது என்று அப்புறம்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்பில் இல்லாத உடையை நான் ஸ்லைடில் வைப்பதில்லை. அதிகம் புழங்குவது மூன்று: லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் (சுருக்கமாக மெட்), ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம். மூன்றின் தளங்களையும் காசில்லாமல் பார்க்கலாம். மெட் 2017 முதல் காப்புரிமை இல்லாத பொருட்களின் படங்களை யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. தேடும்போது அந்த வடிகட்டியைப் போட்டுவிட்டால் அனுமதி பற்றிய கவலையே இல்லை.

தலைப்பையும் சுருக்கினேன்: சோழமண்டலக் கரையில் வரைந்து சாயமேற்றி ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய சிண்ட்ஸ் துணி. என் பாட்டி சீட்டிப் பாவாடை என்பார். அந்தச் சீட்டியும் இந்தச் சிண்ட்ஸும் ஒரே சொல்லிலிருந்து வந்தவைதான். தேடலில் எதைத் தட்டுகிறோம் என்பது ரொம்ப முக்கியம். சிண்ட்ஸ் என்று மட்டும் போட்டால் பிற்காலத்தில் இங்கிலாந்து ஆலைகளில் அச்சடித்த திரைச்சீலைகளும் சேர்ந்து வரும். கோரமண்டல் கோஸ்ட் என்ற இடப்பெயரை ஆங்கிலத்தில் போட்டுத் தேடினால் நமக்கு வேண்டியது மேலே வருகிறது. டச்சுத் தொகுப்புகளில் 'சிட்ஸ்' என்று டச்சு எழுத்துக்கூட்டிலேயே தேட வேண்டும்.

படத்தைவிட அதன் கீழே இருக்கும் குறிப்புதான் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது. மெட்டில் 2009.300 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்தால், அது புரூக்ளின் அருங்காட்சியகத்திலிருந்து 2009இல் வந்த ஆடைத் தொகுப்பைச் சேர்ந்தது என்று அர்த்தம். உடை தைத்த காலத்துக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. இன்னொரு விஷயம், துணியின் காலமும் உடையின் காலமும் பல நேரம் வேறு வேறு. இங்கே சாயமேறிய துணியை அங்கே கவுனாகத் தைத்து, முப்பது நாற்பது வருடம் கழித்து மகளோ பேத்தியோ பிரித்து ஜாக்கெட்டாக மாற்றியிருப்பார்கள். நல்ல குறிப்புகளில் இரண்டு காலமும் தனித்தனியாக இருக்கும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் நம் காலவரிசை மொத்தமும் சாய்ந்துவிடும்.

அப்படி நூற்றுக்கு மேல் குறிப்புகளை ஒரு எக்செல் தாளில் ஏற்றி, பக்கத்தில் சட்டங்களின் வருடங்களை எழுதினேன். பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை இந்தத் துணியைத் தடை செய்தது. கம்பளி, பட்டு நெசவாளர்களின் எதிர்ப்பால் இங்கிலாந்து 1701இல் இறக்குமதியைத் தடுத்தது, பெரும்பாலான பருத்தித் துணிகளை உடுத்துவதற்கே 1721இல் தடை வந்தது, 1774இல்தான் விலகியது. என் தாளிலோ, அந்தத் தடைக் காலத்திலேயே விழுந்த உடைகள் ஏராளம். சட்டம் தடுத்தும் மக்கள் போட்டிருக்கிறார்கள்! தடையே இல்லாத நெதர்லாந்தில் இன்னும் நிறையத் தப்பிப் பிழைத்திருக்கின்றன. என் ப்ராஜெக்டின் மையமே இதுதான் என்று அப்போது முடிவு செய்தேன்.

சாயத்தைப் பற்றி உடைக் குறிப்புகளில் ஒரு வரிதான் இருக்கும். அதற்குப் பழைய கடிதங்களைத்தான் தேட வேண்டியிருந்தது. தென்னிந்தியாவில் இருந்த கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1742இல் இந்த வேலையைப் படிப்படியாக எழுதி அனுப்பியிருக்கிறார். துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் தோய்ப்பது, படிகாரக் கரைசலால் வரைந்து சாயவேரில் கொதிக்கவைத்துச் சிவப்பு எடுப்பது, நீலம் ஏறக் கூடாத இடத்தில் மெழுகு பூசி அவுரியில் முக்குவது, எல்லாம் அதில் உண்டு. பாலின் கொழுப்புதான் படிகாரத்தைப் பரவாமல் பிடித்து வைக்கிறது. அந்தச் சாயவேர் நம் கடற்கரை மணலில் வளரும் இம்பூறல் செடியின் வேர். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ப்ரசென்டேஷனில் இந்த முறை ஒன்பதே ஸ்லைடு, ஸ்லைடுக்கு ஒரு உடை. குறிப்பில் சென்டிமீட்டர் அளவு இருப்பதால் ஒரு பூ வேலைப்பாட்டை அசல் அளவிலேயே ஏ3 தாளில் அச்செடுத்து வகுப்பில் சுற்றுக்கு விட்டேன். திரையில் சின்னதாகத் தெரிந்த பூ கையில் உள்ளங்கை அளவு இருந்தது. ஆண்கள் வீட்டில் போடும் 'பான்யன்' என்ற தளர்வான அங்கியைப் பாதி அளவில் காடாத் துணியில் தைத்து டம்மியில் மாட்டினேன். கேள்விகள் முழுக்க அதைச் சுற்றித்தான் வந்தன.

குறைகளும் உண்டு. சில தளங்களில் உடையின் முன்பக்கம் மட்டுமே கிடைக்கும். தையல் படிக்கிறவர்களுக்கு உள்பக்கம்தான் வேண்டும். லைனிங் எப்படிப் பிடித்திருக்கிறது என்று தெரியாமல் பேட்டர்ன் போட முடியாது. சிலவற்றில் படமே இல்லாமல் வெறும் எண் மட்டும் இருக்கும். போனில் பெரிதாக்கிப் பார்ப்பது கஷ்டம், கம்ப்யூட்டர் வேண்டும். முகவரி மாறித் திறக்காமல் போன பக்கங்களும் உண்டு. அதனால் இணைப்போடு சேர்த்து அருங்காட்சியக எண்ணையும் எழுதி வைக்கிறேன்.

இந்த செமஸ்டரில் நெதர்லாந்தின் ஹிண்டலோப்பன் ஊர்ப் பெண்கள் போட்ட 'வெண்ட்கெ' என்ற நீள மேலங்கியை எடுத்திருக்கிறேன். அதையும் சிண்ட்ஸில் தைத்தார்கள். குறிப்புகள் டச்சில் இருப்பதால் அகராதியை வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் நகர்கிறது. எக்செல் தாளில் இதுவரை ஏழு ஏறியிருக்கிறது.