டர்பன் வீட்டு கராஜுக்கு எந்த ஜாக்: ஸ்டீல் டிராலியா, அலுமினியமா, பாட்டிலா?

ஒரே வீட்டு வாசலில் போலோ விவோவும் ஹைலக்ஸ் பக்கியும் (பின்னால் சரக்குத் தொட்டி உள்ள பிக்கப் வண்டி) நிற்பது டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கமெல்லாம் சாதாரணம். ஒன்று தாழ்வான சின்னக் கார். மற்றது பின்னால் லீஃப் ஸ்பிரிங் (அடுக்குத் தகடு ஸ்பிரிங்) போட்ட உயரமான வண்டி. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஜாக் வாங்குவதென்றால் 3 டன் ஸ்டீல் டிராலி ஜாக்தான் (சக்கரம் வைத்து உருட்டும் ஜாக்) என் தேர்வு. நான் வாங்கி வைத்திருப்பதும் அதுதான். பலத்துக்காக அதை வாங்கவில்லை. கெட்டுப்போனால் சரிசெய்ய முடியும் என்பதற்காக வாங்கினேன்.

காரோடு வரும் கத்தரி ஜாக் வழியில் பஞ்சர் ஆனால் சக்கரம் மாற்ற மட்டும். பிரேக் பார்க்க, ஆயில் இறக்க அது ஆகாது. பக்கிக்காரர்கள் வைத்திருக்கும் ஹை-லிஃப்ட் ஜாக்கும் கராஜ் சாமான் இல்லை. கைப்பிடி திருப்பி அடித்தால் தாடை போய்விடும். மணலில் வண்டி ஓட்டுகிறவர்கள்தான் அதன் அருமையைச் சொல்ல வேண்டும். எனக்கு அதில் பழக்கம் குறைவு.

பாட்டில் ஜாக்கை அப்படித் தள்ள முடியாது. விலை குறைவு, சீட்டுக்குப் பின்னால் அடங்கிவிடும், நேராக மேலே தூக்கும். சரளைத் தரையில் கெட்டியான பலகை போட்டு, ஹைலக்ஸின் பின் ஆக்சில் குழாய்க்கு அடியில் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். ஆனால் 5 டன் ஜாக் முழுசாக இறங்கிய நிலையிலேயே ஏறக்குறைய 20 செ.மீ. உயரம் இருக்கும். போலோவின் கதவுக்குக் கீழுள்ள விளிம்பில் கொடுக்கவே இழுபறி. டயரில் காற்று இறங்கிவிட்டால் உள்ளே நுழையவே நுழையாது. அடிப்பாகம் குறுகல் என்பதால் வண்டி லேசாக நகர்ந்தாலும் சாயும். படுக்க வைத்தால் உள்ளே காற்று புகுந்துவிடும். எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும்.

ஆக, உண்மையான போட்டி ஸ்டீல் டிராலிக்கும் அலுமினிய டிராலிக்கும்தான். அலுமினியம் இறங்கிய நிலையில் 9, 10 செ.மீ. உயரம்தான், தாழ்த்திய காருக்கு அடியிலும் போகும். ஸ்டீலுக்கு 13 முதல் 15 செ.மீ. வேண்டும். 3 டன் ஸ்டீல் ஜாக் 30 கிலோவுக்கு மேல் போகும், தனியாளாகத் தூக்கினால் முதுகு பிடிக்கும். இந்த இரண்டு விஷயத்திலும் அலுமினியம்தான் மேல்.

ஒன்றைக் கவனியுங்கள்: அலுமினியமாக இருப்பது வெளிச் சட்டகம் மட்டும். பம்பும் ராமும் (ஆயில் அழுத்தத்தில் வெளியே வந்து பாரத்தைத் தூக்கும் தண்டு) அதிலும் ஸ்டீல்தான். டர்பனின் உப்புக்காற்றில், ஸ்டீல் போல்ட் தொடும் இடங்களில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூக்கும், பிறகு அந்த மூட்டு இறுகிக்கொள்ளும். ஸ்டீல் ஜாக்கில் வரும் துருவைத் தேய்த்து எடுத்து பெயின்ட் அடித்துக்கொள்ளலாம்.

எந்த ஜாக்கிலும் முதலில் போவது சீல்தான், அதாவது ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர். ராமின் பளபளப்பான பூச்சில் துரு புள்ளி விழுந்தால், அது ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் ரப்பரைக் கீறும். அதனால் வேலை முடிந்ததும் ஜாக்கை முழுசாக இறக்கி, ராம் உள்ளே இருக்கும்படி வைக்க வேண்டும். நின்ற இடத்திலேயே மெதுவாக இறங்குகிறதா? ரிலீஸ் வால்வில் (ஜாக்கை இறக்கத் திறக்கும் வால்வு) தூசி இருக்கும், அல்லது ராம் சீல் தேய்ந்திருக்கும். கைப்பிடி தானே மேலே எழும்புகிறதா? பம்பிலிருந்து ஆயில் வெளியேறும் வால்வை அடைக்கும் குண்டு சரியாக உட்காரவில்லை. முழு உயரத்துக்குப் போகவில்லையென்றால் ஆயில் குறைவு. பம்ப் அடிக்கும்போது கை ஸ்பிரிங் மாதிரித் துள்ளினால் உள்ளே காற்று. காற்றை எடுக்க, பாரம் இல்லாமல் ரிலீஸ் வால்வைத் திறந்து வைத்து பத்துப் பதினைந்து தடவை வேகமாக அடியுங்கள். பிறகு தாங்குதட்டு (வண்டியைத் தொட்டுத் தூக்கும் தட்டு) முழுசாக இறங்கியிருக்கும்போது, ஆயில் ஊற்றும் துளையின் கீழ்விளிம்பு வரை ஹைட்ராலிக் ஜாக் ஆயில் ஊற்றுங்கள். பிரேக் ஆயில் கூடவே கூடாது. அது இந்த சீல் ரப்பரை ஊத வைத்துவிடும். அளவுக்கு மீறிய பாரத்தைத் தடுக்கும் ஓவர்லோட் ஸ்குரூவையும் தொடக் கூடாது.

தேய்ந்த சீலை மாற்ற, மாற்று சீல்கள் அடங்கிய சீல் கிட் கிடைக்க வேண்டும். கடையில் ஜாக்கின் தகட்டில் மாடல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணுக்கு கிட் தனியாக விற்கிறார்களா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது எவ்வளவு மலிவானாலும் சீல் போகிற நாள் வரைக்கும்தான். 3 டன் ஸ்டீல் வகை பல காலமாக ஏறக்குறைய ஒரே அமைப்பில் வருகிறது, ஹைட்ராலிக் கடைக்காரர் ஓ-ரிங்கை (வட்ட ரப்பர் சீல்) அளந்தே பொருத்திவிடுவார். மெல்லிய அலுமினிய ஜாக்குகளில், முக்கியமாக இரட்டைப் பம்ப் உள்ளவற்றில், இது அவ்வளவு சுலபமில்லை. பெரிய கம்பெனி அலுமினிய ஜாக்குக்கு கிட் கிடைக்கலாம். அப்படியென்றால் என் வாதம் பாதி விழுந்துவிடும்.

2 டன் போதாதா? கணக்குப்படி போதும். ஒரு நேரத்தில் ஒரு மூலையையோ ஓர் அச்சையோதான் தூக்குகிறோம். ஆனால் சின்ன 2 டன் ஜாக் 33, 35 செ.மீ.யில் நின்றுவிடும். பக்கியை சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டகம்) தூக்கினால் ஸ்பிரிங் விரிவதிலேயே அந்த உயரம் தீர்ந்து, சக்கரம் தரையிலேயே இருக்கும். 3 டன் ஏறக்குறைய 50 செ.மீ. போகும்.

இனி தூக்கும் முறை. சாட்ஸ்வொர்த் வாசல்கள் பாதியும் சரிவு. சரிவில் எந்த ஜாக்கும் வேண்டாம், வண்டியை சமமான சிமென்ட் தரைக்குக் கொண்டுபோங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்பக்கம் எழும்பியதும் அது பயனில்லை. ஆகவே பின்னால் தூக்கினால் முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் முட்டுக்கட்டை, முன்னால் தூக்கினால் பின்சக்கரங்களுக்கு. வீல் போல்ட்டைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்துங்கள்.

டிராலி ஜாக்கின் கை வளைவாக எழும்பும், அதனால் ஜாக் வண்டிக்கு அடியில் உருண்டுகொண்டே போக வேண்டும். செங்கல் பாவிய வாசலில் அதன் சக்கரம் இடுக்கில் மாட்டினால், ஜாக் நகராமல் தாங்குதட்டு காரை இழுக்கும், அல்லது வழுக்கும். 18 மி.மீ. பிளைவுட் போடுங்கள். போலோவில் விளிம்பில் குறியிட்ட இடத்தில் மட்டும், பள்ளம் வெட்டிய ரப்பர் வைத்துத் தூக்குங்கள். வெறும் தட்டு அந்த மடிப்பை நசுக்கிவிடும்.

சக்கரம் எழும்பியதும் வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்பு ஸ்டாண்டை அடியில் வைத்து, ரிலீஸ் வால்வை மெல்லத் திறந்து பாரத்தை அதன்மேல் இறக்குங்கள். ஒரு சுற்றுக்கு மேல் திறக்கத் தேவையில்லை. வண்டியைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஸ்டாண்ட் இல்லாமல் வண்டிக்கு அடியில் தலையை விடவே கூடாது, ஒரு நிமிஷ வேலையானாலும் சரி. ஜாக்கையும் ஓரமாகத் தொட்டபடி விட்டு வையுங்கள். கோடையில் தார்த்தரை இளகி ஸ்டாண்டின் கால் இறங்கும், அடியில் இரும்புத் தகடு வேண்டும்.

வாங்கப் போகும் முன் ஒரு டேப்பை எடுத்து, டயரில் காற்று இல்லாதபோது விளிம்பு எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று கணக்குப் பாருங்கள். 185/60 டயரின் பக்கச்சுவர் 11 செ.மீ., அதில் பெரும்பகுதி தட்டையாகிவிடும். ஸ்டீல் ஜாக் நுழையாத உயரம் வந்தால் 4 செ.மீ. தடிமனான பலகை ஒன்று கூட வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சரான சக்கரத்தை அதன்மேல் ஏற்றிவிட்டால் ஜாக் உள்ளே போகும்.