வக்கீலா, இலவச சட்ட உதவியா, சமரச மேஜையா?

பெங்களூரு அல்சூரில் தெரிந்தவர் வீட்டில் விவாகரத்துப் பேச்சு வந்தால் என் அம்மா உடனே என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, குழந்தை விஷயத்துக்கு யாரைப் பிடிக்கறது?" மூன்று வழியிலும் நடந்தவள் நான். என் ஓட்டு சமரசத்துக்கு, அதாவது நடுநிலையான ஒருவர் முன்னால் இரு தரப்பும் பேசி முடிப்பதற்கு. ஆனால் கேஸ் போட்ட பிறகு.

தனி வக்கீலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்லவர் அமைந்தால் யோகம். எனக்கு முதலில் வாய்த்தவர் ஆஜராகும் நாளுக்கெல்லாம் தனியாக வாங்கினார். வாய்தா விழுந்தாலும் பணம் பணம்தான். ஏழாவது வாய்தாவோடு வக்காலத்தை மாற்றிக்கொண்டேன்.

இலவச சட்ட உதவி என்றதும் 'அது ஏழைகளுக்கு' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே வைக்கவில்லை. ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவரும் கேட்கலாம். சட்ட உதவி எண் 15100-க்கு ஃபோன் செய்தால் வழி சொல்வார்கள். எனக்குக் கிடைத்த வக்கீலம்மா கெட்டிக்காரர். ஆனால் கைநிறைய கேஸ் வைத்திருப்பவர், அதனால் தேதிகளை நானே குறித்துவைத்து நினைவூட்ட வேண்டியிருந்தது.

அவர்தான் முதலில் இடைக்கால ஜீவனாம்ச மனுவைப் போட்டார், கேஸ் முடியும்வரை செலவுக்குப் பணம் கேட்கும் மனு அது. 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இரு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தாக வேண்டும். அது கோப்பில் ஏறிய பிறகு சமரச மேஜையில் உட்கார்ந்ததால், என் கணவரால் சம்பளத்தைக் குறைத்துச் சொல்ல முடியவில்லை.

சமரச மையம் சித்தையா ரோடு நியாய தேகுலா என்ற கோர்ட் கட்டிடத்திலேயே இருக்கிறது. கட்டணம் இல்லை, பேசியது வெளியே போகாது. கோர்ட்டில் நேரமில்லாத சின்னச் சின்ன விஷயங்களை அங்கே பேசலாம். தசரா லீவு அவருக்கு, பொங்கல் எங்களோடு ஆம்பூரில், சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டிப்போய் ஞாயிறு ஆறு மணிக்குள் கொண்டுவந்து விடுவது என்று எல்லாமே அங்கேதான் முடிவானது.

இவ்வளவும் சரி, ஆனால் காசு விஷயத்தில் எழுத்து எப்படி இருக்கிறது என்பதுதான் எல்லாம். முதல் நகலில் 'பள்ளிச் செலவைத் தந்தை ஏற்பார்' என்று ஒரே வரி. வக்கீலம்மா சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். "எந்தச் செலவும்மா? எந்தத் தேதிக்குள்ள? யார் அக்கவுண்டுக்கு?" மூன்று கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. திருத்தியதில் மாதத் தொகை ஐந்தாம் தேதிக்குள் என் கணக்குக்கு, வருடத்துக்குப் பத்து சதவீத ஏற்றம், ஃபீஸ் சீட்டு வந்த பத்து நாளில் பள்ளிக்கே நேரடியாக, வேன் கட்டணமும் புத்தகமும் சேர்த்து என்று ஆனது. நீதிபதி அதைப் பதிவு செய்து தீர்ப்பில் சேர்த்தார்.

போன ஜூனில் ஃபீஸ் வரவில்லை. தீர்ப்பில் உள்ளதைச் செய்யவைக்கக் கேட்கும் நிறைவேற்று மனு போட்டோம். எவ்வளவு, எப்போது என்று வாதாட எதுவுமில்லை, எல்லாம் எழுத்தில் இருந்தது. அடுத்த தேதிக்கு முன்பே பள்ளியில் பணம் கட்டிவிட்டார். ஸ்ரீராம்புரத்தில் என் தோழி பெரியவர்கள் முன்னால் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டு அத்தோடு விட்டுவிட்டாள். கோர்ட் ஏறாத காகிதம் அது. பணம் நின்றதும் முதலிலிருந்து கேஸ் போட வேண்டியதாயிற்று.

ஒன்று சொல்லிவிடுகிறேன். என் முன்னாள் கணவர் மாதச் சம்பளக்காரர். கடை, காண்ட்ராக்ட் என்று வருமானம் கண்ணில் படாதவர் விஷயத்தில் என் அனுபவம் செல்லாது. கணக்கைத் தோண்டத் தெரிந்த தனி வக்கீல்தான் அங்கே சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. அடித்த கணவரோடு ஒரே மேஜையில் உட்காரச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடலாம். அம்மா நம்பர் கொடுத்து அனுப்பியவர்களில் இரண்டு பேருக்கு நான் சொன்னது அதைத்தான்.