அமீனா மெம்ப்ரேனா? ஈத்தேன் வேணும்னா எது?

மணலி டீக்கடையில ஒரு தம்பி கேட்டாப்ல, "அண்ணே, இயற்கை கேஸ்ல இருக்குற கார்பன் டை ஆக்சைடை எடுக்க மெம்ப்ரேன் போதாதா, எதுக்கு அமீன் டவரு, பம்பு, ரீபாய்லரு?" மெம்ப்ரேன்னா கார்பன் டை ஆக்சைடை வேகமா கசிய விடுற மெல்லிசு சவ்வு; அமீன்னா அதை உறிஞ்சுற ரசாயனத் திரவம், ரீபாய்லர்ல சூடாக்கினா அதை விட்டுடும்.

பைப்லைன்ல விடுற கேஸுன்னா 2% இருந்தாலும் ஓடிடும், அதுக்கு மெம்ப்ரேனே போதும். ஆனா ஈத்தேனை முழுசா புடிக்கணும்னா டீமெத்தனைசர் (மீத்தேனை மேலயும் ஈத்தேனைக் கீழயும் பிரிக்குற குளிர் டவரு) மேல்பக்கம் மைனஸ் 90, 100 டிகிரிக்குப் போகும், அங்க இந்த கார்பன் டை ஆக்சைடு சனியன் ஒறைஞ்சு ட்ரேயை அடைச்சிடும், டிசைனைப் பொறுத்து கொஞ்சம் தாங்கும் அவ்ளோதான், ஒறையாம தப்பிச்சதுல ஒரு பங்கு ஈத்தேனோடயே கீழ எறங்கும், ரெண்டும் அஸியோட்ரோப் (ஒரே கலவையா சேந்தே கொதிக்குற ஜோடி) ஆகுறதால சாதாரணமா காய்ச்சி பிரிக்கவும் முடியாது.

அமீன்னா, எம்டிஈஏங்குற அமீன்ல பைப்பரசீன்ங்குற இன்னொரு ரசாயனத்தைக் கலந்தா 50 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்துல 50 பங்கு) கீழயே இறக்கிடலாம். தொல்லையும் உண்டு, ஸ்டீமை தின்னும், நுரை பொங்கும், கேஸ் ஈரமா வெளிய வரும், பின்னாடியே மாலிகுலர் சீவ் (ஈரத்தை உறிஞ்சுற குருணை) வெச்சு காய வெக்கணும்.

மெம்ப்ரேனுக்கு எடம் கம்மி, ரசாயனம் இல்ல, கடல் ப்ளாட்ஃபார்முக்கு சூப்பர். ஆனா மீத்தேனும் கூடவே நழுவும், பிபிஎம் அளவுக்கு இறக்கப் பாத்தா அந்த நஷ்டம் எகிறிடும்.

நம்ம எண்ணூருக்கு கப்பல்ல வர்ற எல்என்ஜிக்கு (திரவமாக்குன இயற்கை கேஸ்) இந்தத் தலைவலி இல்ல, திரவமாக்குற ஊர்லயே சுத்தம் பண்ணிடுறாங்க.

என் ஓட்டு அமீனுக்குத்தான். 20, 30% கார்பன் டை ஆக்சைடு இருக்குற கேஸுன்னா மட்டும் முன்னாடி மெம்ப்ரேன் போட்டு பாரத்தைக் கொறைச்சுட்டு பின்னாடி அமீன்.