சியோலில் ஒருநாள் சுற்றுலா: 42,800 ரூபாய் கொடுத்துப் பூட்டிய வாசலைப் பார்த்தோம்

நேற்று முன்தினம்தான் ஊர் திரும்பினோம். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கொரியா போகிறவர்கள் யாராவது இதைப் படித்துத் தப்பிக்கட்டும்.

அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். 1395இல் கட்டி, 1592 ஜப்பானியப் படையெடுப்பில் எரிந்து, 1867இல் மீண்டும் எழுந்த கியோங்போக்குங் அரண்மனையைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. கைப்பேசிச் செயலியில் ஒருநாள் சுற்றுலா விற்கும் தளம் ஒன்றில் மூவருக்குப் பதிவு செய்தேன். அரண்மனை, பழைய கொரிய பாணி வீடுகள் (ஹனோக்) நிறைந்த புக்சோன் கிராமம், மாலையில் ஹான் ஆற்றங்கரைப் பூங்கா, தமிழ் தெரிந்த வழிகாட்டி, தனி வாகனம். மொத்தம் 42,800 ரூபாய், முழுவதும் முன்பணம்.

கட்டுவதற்கு முன் கேட்டேன்: "செவ்வாய்க்கிழமை வருகிறோம், அரண்மனை திறந்திருக்குமா?" இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது: எல்லா நாளும் திறந்திருக்கும், டிக்கெட் எங்கள் பொறுப்பு. அம்மாவுக்கு மூட்டுவலி என்று சொன்னேன். "உங்கள் பெற்றோரை எங்கள் பெற்றோர் போலப் பார்த்துக்கொள்வோம்" என்று எழுதினார்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் பணத்தை அனுப்பினேன்.

ஒன்பது மணிக்கு வரவேண்டிய வாகனம் பன்னிரண்டரைக்கு வந்தது. வழிகாட்டி இல்லை. ஓட்டுநருக்குக் கொரிய மொழி மட்டுமே தெரியும். அரண்மனை வாசலுக்குப் போனால், பூட்டு. பொது விடுமுறை வந்தாலொழிய, கியோங்போக்குங்குக்குச் செவ்வாய்தான் வார விடுமுறை! அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மூடிய கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "சரிம்மா, போகலாம்" என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அங்கிருந்து எங்களை ஜின்செங் என்ற மூலிகை வேர் விற்கும் ஒரு கடைக்குக் கொண்டுபோய் மூன்று மணி நேரம் உட்காரவைத்தார்கள். புக்சோனுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை. அது மக்கள் குடியிருக்கும் இடம். முக்கியமான சந்துகளில் காலை பத்து முதல் மாலை ஐந்து வரைதான் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி. மீறினால் ஒரு லட்சம் வோன் (கொரியப் பணம்) அபராதம். காவலுக்கு நின்றவர் பணிவாகத் திருப்பி அனுப்பினார். அவர்மேல் எனக்குக் குறை இல்லை. அந்த வீட்டுக்காரர்களுக்கும் நிம்மதி வேண்டுமே.

அன்றிரவு விடுதியில்தான் தெரிந்துகொண்டேன்: சாங்தோக்குங் அரண்மனைக்குத் திங்களன்றுதான் விடுமுறை. 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம், அதே வட்டாரம், அன்று திறந்திருந்தது. தொழில் தெரிந்த ஒருவர் கூட இருந்திருந்தால் அப்பாவை அங்கே அழைத்துப் போயிருப்பார். மறுநாள் காலை எங்களுக்கு விமானம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில், "வருந்துகிறோம், 48 மணி நேரத்தில் பதில் வரும்." பிறகு, "அது உள்ளூர்க் கூட்டாளியின் தவறு." மூன்றாவது முறை, "நீங்கள் வாகனத்தில் ஏறிவிட்டதால் சேவையைப் பயன்படுத்தியதாகக் கருதப்படும்." நான்காவது முறை உரையாடலையே மூடிவிட்டார்கள். செலவு விவரம் கேட்டதற்கு மட்டும் ஒரு தாள் வந்தது. அதில் "கிராம அனுமதிக் கட்டணம்", "பூங்கா நுழைவுக் கட்டணம்" என்று போட்டிருக்கிறார்கள். புக்சோன் தெருக்களில் நடக்கவும் ஹான் ஆற்றங்கரைப் பூங்காவுக்குள் போகவும் கட்டணமே கிடையாது. அரண்மனை டிக்கெட் பெரியவர்களுக்கு 3,000 வோன், நம் பணத்தில் ஏறத்தாழ 200 ரூபாய். இதற்கா 42,800 ரூபாய்?

போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. விடுமுறை நாளை அரண்மனையின் அதிகாரபூர்வத் தளத்தில் நீங்களே பாருங்கள். டிக்கெட்டை வாசலிலேயே வாங்கலாம். முழுப்பணத்தை முன்னால் கட்டாதீர்கள். அங்கே சிக்கல் வந்தால் 1330 என்ற சுற்றுலா உதவி எண் இருக்கிறது. எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. உரையாடல்களைப் படமெடுத்து வையுங்கள்.

நான் எடுத்து வைத்திருந்ததால் இன்று காலை அட்டையில் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் புகார் கொடுக்க முடிந்தது. 42,800 ரூபாய், முழுத்தொகைக்கும். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.