திறைத் தேயிலை 8 கிராம், அதே மலைத் தேயிலை ஒரு வட்டு

சீனாவின் யுன்னான் மாகாணத்தில், யீவூ என்ற ஊரில் ஒரு குடும்பக் கடையில் வாங்கிய இரண்டு பூ-அர் தேயிலைகளைப் பற்றி எழுதுகிறேன். பூ-அர் அந்த மாகாணத்துத் தேயிலை வகை. ஒன்று யீபாங் மலைத் தேயிலை, 2019 வசந்தப் பறிப்பு, 200 கிராம் வட்டு (இலையை வட்டமாக அழுத்திய கட்டி), 480 யுவான். இன்னொன்று வெறும் 8 கிராம் பொட்டலம், 180 யுவான். பொட்டலத்தின் மேல் "மான்சோங்" என்று எழுதியிருந்தது. அந்தப் பெயருக்குத்தான் அந்த விலை.

யுன்னானின் தென்கோடியில், லாவோஸ் எல்லையை ஒட்டிய சிஷுவாங்பன்னாவில், பழைய ஆறு தேயிலை மலைகள் என்று சொல்வார்கள். யீபாங் அவற்றில் ஒன்று. அதற்குள் இருக்கும் சிற்றூர் மான்சோங். 1729இல், அப்போது சீனாவை ஆண்ட சிங் அரசு பூ-அர் என்ற நிர்வாகப் பகுதியை அமைத்தது. இந்த மலைகளின் தேயிலை பெய்ஜிங் அரண்மனைக்குத் திறையாகப் போன காலத்தில், மான்சோங் இலைக்குத் தனி மதிப்பு. இன்றும் "திறைத் தேயிலை" என்று போட்டால் போதும், விலைக்கு இறக்கை முளைத்துவிடும்.

கடை என்றால் வீட்டின் கீழ்த்தளம்தான். வாசலில் மூங்கில் தட்டுகளில் இலை காய்ந்துகொண்டிருந்தது. கடைக்கார அம்மா எட்டு விதத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. மான்சோங் இருக்கிறதா என்று கைப்பேசி மொழிபெயர்ப்பில் கேட்டதும் சிரித்தார். "பழைய மரம் கொஞ்சம், விற்கிறவர்கள் நிறைய" என்றது கைப்பேசி. அப்படிச் சொல்லிவிட்டு எனக்கே ஒரு பொட்டலம் விற்றார்! நேர்மையா, வியாபாரத் தந்திரமா, இன்னும் புரியவில்லை. பொட்டலத்தில் பறித்த வருடம்கூட இல்லை.

சிங்கப்பூர் வந்து முதலில் மான்சோங்கைப் போட்டேன். சிறிய மூடிக் கிண்ணம், கொதிக்கிற தண்ணீர், முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அதே இலையில் மறுபடி மறுபடி ஊற்றிப் பத்துப் பத்து வினாடி. இரண்டு ஊற்றுவரை ஏமாந்துவிட்டேன் என்றே நினைத்தேன். என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "வெந்நீர் மாதிரி இருக்கு, இதுக்கா இவ்வளவு?" என்றாள். மூன்றாவதில் தேன் வாசனை எழுந்தது. கசப்பு இல்லை, துவர்ப்பு பெயருக்குத்தான். விழுங்கிய பிறகு, நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் தொண்டையில் ஊறுமே, அந்த இனிப்பு. சீனர்கள் இதை ஹுய்கான் என்கிறார்கள், திரும்பி வரும் இனிப்பு. பாத்திரம் கழுவி வைத்த பிறகும் வாயில் இருந்தது. அவ்வளவுதான், 180 யுவான் தீர்ந்தது. அது உண்மையான மான்சோங்தானா என்று சொல்ல எனக்கு நாக்கு போதாது.

யீபாங் வட்டு வேறு குணம். இந்த மலையில் சிற்றிலை மரங்கள் அதிகம், வட்டைப் பிரித்தாலே தெரிகிறது. எடுத்தவுடன் காய்க் கொய்யாவின் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கிறது. நாலாவது ஊற்றில் அது இறங்கி, அதே நெல்லிக்காய் இனிப்பு வருகிறது. மான்சோங்கில் வந்ததில் முக்கால்வாசி என்பேன். 6 கிராம் போட்டால் பன்னிரண்டு ஊற்று தாங்குகிறது. ஒரே குறை, கல் மாதிரி அழுத்தியிருக்கிறார்கள். ஊசியால் பெயர்க்கும்போது கட்டைவிரலில் குத்திக்கொண்டேன். பெயர்த்ததில் பாதி தூளாகிவிடுவதால் முதல் ஊற்று கசக்கிறது. தூளைச் சலித்துவிட்டுப் போடுங்கள்.

இவை இரண்டுமே பச்சை வகை, அதாவது குவித்துப் புளிக்கவைக்காத பூ-அர். கறுப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு உணவகங்களில் கிடைப்பது குவித்துப் புளிக்கவைத்த வகை. அந்த முறையே 1973 வாக்கில் வந்ததுதான். அதை எதிர்பார்த்து இதை வாங்காதீர்கள். பால், சர்க்கரை வேண்டாம். வெறும் வயிற்றில் குடித்தால் எரியும், நான் பட்டுவிட்டேன். அப்புறம், மசாலா டப்பா பக்கத்தில் வைத்தால் வட்டு சோம்பு வாசனையை இழுத்துக்கொள்ளும். என்னுடையது மண்சட்டியில் தனியாக இருக்கிறது.

அடுத்த முறை போனால் மான்சோங் கேட்க மாட்டேன். யீபாங்கில் ஏழு வட்டுக் கட்டாக எடுத்தால் எவ்வளவு குறைப்பார் என்றுதான் கேட்பேன்.