கிரவல் கிடங்கும் மேய்ச்சல் தரவையும்: எந்த வழி புல்லைக் காக்கும்?

இலங்கையின் வன்னியில் காலபோக (மாரிப் பருவ நெல்) விதைப்புத் தொடங்கிவிட்டால் வயலில் மாடு இறங்க முடியாது. மாரியில் குளம் நிரம்ப, அதன் சரிவான ஓரமான அலைகரையில் முளைத்த புல்லும் நீருக்குள் போய்விடும். அறுவடை வரை பட்டி மாடுகளுக்கு மிஞ்சுவது தரவை என்னும் திறந்த புல்வெளியும் காட்டோரமும்தான். வீதிக்கும் வீட்டு அத்திவாரத்துக்கும் கிரவல் என்னும் சரளை மண் அள்ளுவதும் அங்கேதான். அள்ளிய இடம் புல்லில்லாத கிடங்காகிவிடுகிறது. மேய்ச்சலைக் காக்க மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன.

கிடங்கை அப்படியே விடுங்கள், மாடு தண்ணீர் குடிக்கும் என்பது ஒன்று. செலவில்லாத யோசனை என்பதால் சட்டென்று எடுபடுகிறது. ஆனால் குளத்துக்கு அலைகரை உண்டு. பெக்கோ இயந்திரம் வெட்டிய கிடங்குக்குச் செங்குத்தான சுவர்தான் உண்டு. போன மாரியில் எங்கள் பசு ஒன்று அப்படியொரு விளிம்பில் முன்னங்கால்களை ஊன்றிக் கழுத்தை நீட்டியபடி நின்றது. தண்ணீர் எட்டவில்லை. குளம்புக்குக் கீழே மண் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்தெடுத்தபோது என் கை நடுங்கியது. ஒரு பக்கத்தையாவது சரிவாக வெட்டாத கிடங்கு மாட்டுக்குப் பொறிதான்.

இரண்டாவது, நிரப்பி மூடுவது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி அகழ்வுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். நிலத்தைச் சீர்செய்யும் கடமையும் அதோடு வருகிறது. எதைக் கொண்டு மூடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆழத்து மண்ணைக் கொட்டி மட்டப்படுத்தினால் பார்வைக்கு மூடியதுபோல் இருக்கும், புல் வராது. அறுகின் வேரும் விதையும் மண்புழுவும் மேல் ஒரு சாண் மண்ணில்தான் இருக்கின்றன. முதல் டிப்பர் வருமுன் அந்த மண்ணை வழித்துத் தனியே தாழ்வான குவியலாக வைக்கவேண்டும். உயரமாகக் குவித்து ஆண்டுக்கணக்கில் விட்டால் உள்ளே காற்றில்லாமல் அதன் உயிர் போய்விடும். மாரிக்கு முன் பரப்பி, புல் வேர்பிடிக்கும்வரை மாட்டை விடாமல் காக்கவேண்டும்.

மூன்றாவது, தரவையை அளந்து எல்லைக்கல் நட்டு, மேய்ச்சல் தரையாக வர்த்தமானியில் அறிவிப்பது. காலம் எடுக்கும், ஒரே காணிக்குப் பல திணைக்களங்கள் உரிமை கோரும். ஆனாலும் என் தெரிவு இதுதான். எல்லைக்கல் இல்லாத தரவை கோப்பில் வெற்றுக்காணியாகவே தெரியும். அனுமதி ஏற்கெனவே கொடுபட்ட இடங்களுக்கு இரண்டாவது வழி. தோண்டிக் கைவிட்ட கிடங்குகளுக்கு மட்டும், கரையைச் சரித்து, முதலாவது.

அடுத்த அகழ்வு அனுமதி பற்றிய கூட்டத்துக்குப் போகும் கால்நடை வளர்ப்போர், எத்தனை கியூப் கிரவல் அள்ளுவீர்கள் என்று கேட்குமுன் மேல்மண்ணை எங்கே குவிப்பீர்கள் என்று கேளுங்கள்.